மலிவு விலை பிஸ்டல் எத்தனை காலம் தாங்கும்?

ஓஹையோவில் நான் போகிற ரேஞ்சில், வாடகை பிஸ்டல்களை ஒரு கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறார்கள். குறைந்த விலையில் வாங்க நினைப்பவர் முதலில் நிற்க வேண்டிய இடம் அதுதான். ஒருவர் பல வருஷத்தில் சுடுகிற தோட்டாக்களை அவை சில மாதத்திலேயே சுட்டுவிடும். துடைத்து எண்ணெய் போடுவதும் அபூர்வம். எது உடைந்தது, எந்தப் பாகத்தை மாற்றினீர்கள் என்று அங்கே பழுது பார்ப்பவரிடம் கேளுங்கள். கடைக்காரர் சொல்லாததெல்லாம் அவரிடமிருந்து வரும்.

மலிவு என்றாலே மட்டம் என்று ஒதுக்கவும் முடியாது. இதே மாநிலத்தில் மான்ஸ்ஃபீல்டில் தயாராகும் ஹை-பாயின்ட் பிஸ்டலின் ஸ்லைடு துத்தநாகக் கலவை வார்ப்பு. சுடும்போது குழலையும் ஸ்லைடையும் பூட்டிப் பிடிக்கும் அமைப்பு அதில் இல்லை. ஸ்லைடின் எடைதான் உதையைத் தாங்க வேண்டும். அதனால்தான் அந்தச் செங்கல் உருவம். கையில் பிடிக்க எனக்குப் பிடிக்காது, ஆனால் சுடும். மறுபக்கம், அமெரிக்க ராணுவம் 1985இல் தேர்ந்தெடுத்த பெரெட்டா எம்9இலேயே அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் சில ஸ்லைடுகள் உடைந்தன.

நான் விலையைவிடத் தேய்மானத்தைத்தான் பார்க்கிறேன். மேகசினைக் கழற்றி, சேம்பர் காலி என்று இரண்டு தடவை உறுதி செய்துகொண்டு பிரித்தால், குழலின் மேல்விளிம்பு ஸ்லைடில் மோதும் இடம், ஸ்லைடு ஸ்டாப் மாட்டும் வெட்டு, ஃபிரேமின் தண்டவாளங்கள், பிளாஸ்டிக் ஃபிரேமில் பின் நுழையும் துளைகளின் ஓரம் ஆகியவை கண்ணில் படும். புதிதில் பூச்சு உரிந்து பளபளப்பது சகஜம். சில நூறு ரவுண்டுகளில் அது நின்றுவிட வேண்டும். நிற்காமல் விளிம்பு நசுங்கிப் பிசிறு எழும்பிக்கொண்டே போனால் கவலைப்படலாம். ஒவ்வொரு தடவையும் அதே இடங்களை ஃபோனில் படம் எடுத்து வைப்பேன். ஞாபகத்தை நம்பினால் எல்லாம் பழையபடியே இருப்பதாகத் தோன்றும்.

காலி உறைகள் முன்பைவிடத் தூரமாகப் போய் விழுந்தால் ரிகாயில் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். புதிய ஸ்பிரிங்கோடு நீளத்தை ஒப்பிட்டுப் பார்த்து மாற்றிவிடுங்கள். சில டாலர் செலவு, ஃபிரேம் தப்பிக்கும். வாங்கும் முன்பே ஸ்பிரிங்கும் எக்ஸ்ட்ராக்டரும் தனியாகக் கிடைக்குமா என்று விசாரியுங்கள். பிஸ்டலையே அனுப்பச் சொல்லும் கம்பெனிகளும் உண்டு. ஆயுள் முழுக்க வாரன்டி என்பது அப்போது வாரக்கணக்கில் காத்திருப்பதுதான்.

9 எம்எம் சாதாரணத் தோட்டாவின் அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. பிளஸ்-பி வகைக்கு 38,500. கையேடு அனுமதிக்காவிட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள். தோட்டா சிக்கினால் முதல் சந்தேகம் மேகசின் மேல். மார்க்கரால் எண் போட்டு வைத்தால் குற்றவாளி சீக்கிரம் சிக்கும்.

பழையது வாங்குவதென்றால் டார்ச் அடித்து டிரிகர் பாகங்களைப் பார்ப்பேன். யாரோ வீட்டில் அரம் போட்ட தடம் தெரிந்தால், விலை எவ்வளவு இறங்கினாலும் தொடுவதில்லை.