ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாயிற்று, காபியை என்ன செய்வது?

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பெயர் கொடுத்தவர்கள் சாதத்தை விடச் சொன்னால்கூடத் தலையாட்டிவிடுகிறார்கள். காபி என்று வந்தால்தான் குரல் இறங்குகிறது. "காலையில ஒண்ணே ஒண்ணு மட்டும் குடிச்சுக்கலாமா மேடம்?" இதற்கான பதில் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும். ஓரிடத்தில் ஒரு மாதம் தொடாதீர்கள் என்பார்கள். இன்னோரிடத்தில் மூன்று மாதம். உங்கள் சர்ஜனும் டயட்டீஷியனும் எழுதிக் கொடுத்த தாளில் என்ன இருக்கிறதோ அதுதான் உங்களுக்குச் சட்டம். எப்படி விடுவது, திரும்பத் தொடும்போது எப்படித் தொடுவது என்பதெல்லாம் பெரும்பாலும் அந்தத் தாளில் இருக்காது. இந்தக் கட்டுரை அதற்குத்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கஃபீனைப் பற்றி ஊரார் பயமுறுத்தும் அளவுக்கு அதில் விஷயம் இல்லை. அதோடு ஒட்டிக்கொண்டு வரும் சர்க்கரை, பால், தொட்டுக்கொள்ளும் பிஸ்கட், குடிக்கும் வேளை ஆகியவைதான் ஆபரேஷனுக்குப் பிறகு காலை வாருகின்றன.

முதல் வேலை: எண்ணிப் பார்ப்பது

தேதிக்கு நான்கு வாரம் முன்பே தொடங்குங்கள். மூன்று நாளைக்கு எதையும் குறைக்காமல், குடிப்பதை மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆபீசில் யாரோ நீட்டியது, கல்யாண வீட்டில் இலை எடுத்ததும் குடித்தது எல்லாம் கணக்கில் வரவேண்டும்.

வீட்டு ஃபில்டர் காபியில் கஃபீன் எவ்வளவு என்பதைத் தூளை வைத்தே போட்டுவிடலாம். வறுத்த அரபிக்கா கொட்டையில் கிராமுக்குச் சுமார் 12 மி.கி. கஃபீன், ரோபஸ்டாவில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சிக்கரியில் சுத்தமாகக் கிடையாது. இரண்டு டம்ளருக்கு 20 கிராம் தூள் போடுகிறீர்கள், அது 80:20 கலவை என்றால், காபி மட்டும் 16 கிராம். அரபிக்காவாக இருந்தால் டம்ளருக்கு 80, 90 மி.கி. தேறும். டீக்கடை டீ ஒரு கிளாஸில் 30 முதல் 50 மி.கி. ஆரோக்கியமான பெரியவருக்கு நாளைக்கு 400 மி.கி. வரை பரவாயில்லை என்பது பொதுவான வரம்பு. நாலு டம்ளர் குடிப்பவர் அந்த வாசல்படியில்தான் நிற்கிறார்.

அதே நோட்டில் பக்கத்திலேயே இன்னொரு கணக்கும் எழுதுங்கள். 100 மி.லி. பால், இரண்டு ஸ்பூன் சர்க்கரை: டம்ளருக்கு 100 கலோரி. நாலு டம்ளருக்கு 400. கல்லீரல் கொழுப்பைக் குறைக்க ஆபரேஷனுக்கு முந்தின இரண்டு வாரம் 800, 1000 கலோரி டயட் கொடுப்பார்கள். கல்லீரல் சுருங்கினால்தான் சர்ஜனால் அதைத் தூக்கிப் பிடித்துவிட்டு அடியில் இருக்கும் இரைப்பையில் வசதியாக வேலை செய்ய முடியும். அந்த டயட்டில் பாதியைக் காபியே தின்றுவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்?

எண்ணும்போதே இன்னொன்றையும் கவனியுங்கள். பகலெல்லாம் தூக்கம் சொக்குகிறது, அதனால்தான் குடிக்கிறேன் என்றால், இரவில் குறட்டை எப்படி என்று வீட்டில் கேளுங்கள். உடல் பருமன் உள்ளவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சு அடைபடுவது மிகச் சாதாரணம். அப்படியிருந்தால் நீங்கள் காபிக்கு அடிமை என்று சொல்வதற்கில்லை, சரியாகத் தூங்கவில்லை, அவ்வளவுதான். மயக்க மருந்து டாக்டருக்கு இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

இறக்குவது: ஒரே நாளில் வேண்டாம்

தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும். முதல் இரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும், ஒரு வாரம் வரைகூட இழுக்கும். சோர்வு, எரிச்சல், சிலருக்குக் குமட்டலும் சேர்ந்துகொள்ளும். ஆபரேஷன் முடிந்து கண் விழிக்கும் நேரத்தில் இது வந்தால், வலி மருந்தாலா, மயக்க மருந்தாலா, காபி இல்லாததாலா என்று யாருக்கும் புரியாது.

ஆகவே மூன்று நான்கு நாளைக்கு ஒரு டம்ளர் வீதம் குறையுங்கள். முதலில் போகவேண்டியது சாயங்காலக் காபி. கஃபீன் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். ஐந்து மணிக்குக் குடித்ததில் பாதி பத்து மணிக்கும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். காலைக் காபி கடைசியாகப் போகட்டும். அதைத்தான் மனசு விடாது.

காலை டம்ளரை விட முடியாதவர்களுக்கு நம் ஊரில் ஒரு வசதி உண்டு. காபிப்பொடி அரைக்கிற கடையில் கலவையை மாற்றச் சொல்லுங்கள். சட்டப்படி கலவைத் தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, ஆக சிக்கரி 49 வரை போகலாம். 80:20-லிருந்து இறங்கி இறங்கிக் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி வந்தால் கஃபீனில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். நிறமும் கசப்பும் அப்படியே இருப்பதால் நாக்குக்குப் பெரிதாகத் தெரியாது. சுத்தக் காபி குடிக்கிற கும்பகோணத்து மாமாக்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். ஆனால் இந்தத் தந்திரம் ஆபரேஷனுக்கு முன்னால் மட்டும். சிக்கரியில் உள்ள நார்ச்சத்து சிலருக்கு வாயுவைக் கிளப்பும். புதிதாகத் தைத்த வயிற்றுக்கு அது ஆகாது.

சர்க்கரையை இந்த வாரங்களிலேயே இரண்டு ஸ்பூனிலிருந்து ஒன்று, அரை, பூஜ்யம் என்று இறக்கிவிடுங்கள். ஏன் என்பது கீழே வருகிறது.

தலைவலித்தால் கைக்குக் கிடைத்த மாத்திரையைப் போட்டுவிடாதீர்கள். கடையில் கேட்டதும் கிடைக்கிற சில தலைவலி மாத்திரைகளில் கஃபீனே இருக்கிறது, சிலவற்றில் ஆஸ்பிரின் வகையறா இருக்கிறது. முன்னது நீங்கள் விட நினைப்பதைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவரும். பின்னது ரத்தக்கசிவையும் புண்ணையும் கொண்டுவரும். எதைப் போடலாம் என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆபரேஷன் அன்று

மயக்க மருந்துக்கு முன் வெறும் வயிறு. பால் காபி உணவுக் கணக்கில் சேரும், தண்ணீர்க் கணக்கில் சேராது. பொதுவான விதிப்படி பால் வயிற்றிலிருந்து இறங்க 6 மணி நேரம் விடவேண்டும். "ஒரு வாய்தானே" என்று விடியற்காலையில் குடித்துவிட்டு வந்ததால் ஆபரேஷனைத் தள்ளிப்போட நேரிடலாம். ஒளிக்காமல் சொல்லிவிடுவது உத்தமம். மயக்கத்தில் வயிற்றிலிருப்பது நுரையீரலுக்குள் போனால் விபரீதம்.

முதல் மாதம்: தண்ணீருக்கே இடமில்லை

ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுக்கப்படுகிறது. மிச்சம் வாழைப்பழ வடிவில் ஒரு குழாய். இரைப்பை பைபாஸில் உண்டாக்கும் பை முதலில் 30 மி.லி. அளவுதான் கொள்ளும். அந்த அளவுள்ள ஒரு சின்னக் கிண்ணத்தை எடுத்துப் பாருங்கள். அதில் ஒரு கிண்ணம் தண்ணீரை மெதுவாக உறிஞ்ச 15 நிமிடம். நாளெல்லாம் இப்படிச் செய்தால்தான் ஒன்றரை லிட்டர் தேறும்.

நீர் வறட்சிதான் டிஸ்சார்ஜ் ஆனவர்களை மறுபடி அட்மிட் ஆக வைக்கும் முக்கியக் காரணங்களில் ஒன்று. காபி உடம்பிலுள்ள தண்ணீரையெல்லாம் வெளியேற்றிவிடும் என்பது மிகைப்படுத்தல். பழகியவருக்கு அளவான காபி அப்படிச் செய்வதில்லை. இங்கே தகராறு இடம் பற்றியது. அந்தக் கிண்ணத்தில் காபி ஊற்றினால் தண்ணீரும் புரதமும் வரிசையில் பின்னால் நிற்கும். போதாக்குறைக்கு, காபி அமிலச் சுரப்பைத் தூண்டும். ஸ்லீவ் செய்தவர்களுக்கு ஏற்கெனவே எதுக்களிப்பு வர வாய்ப்பு அதிகம். பைபாஸ் செய்தவர்களுக்குத் தையல் போட்ட இணைப்பில் புண் வரலாம். அந்தப் புண்ணுக்கு முதல் எதிரிகள் சிகரெட்டும் வலி மாத்திரைகளும். அவற்றை விட்டுவிட்டுக் காபியை மட்டும் திட்டுவதில் நியாயமில்லை.

வார்டில் மூன்றாம் நாள் ஒரு பிளாஸ்க் வரும். "மாப்பிள்ளைக்கு ரெண்டு நாளா நாக்கு செத்துக் கிடக்கு, ஒரு மடக்குதானே" என்று மாமியார் மூடியில் ஊற்றுவார். ஆபரேஷனுக்கு முன்பே மனைவியிடமோ அண்ணனிடமோ பொறுப்பைக் கொடுத்து வையுங்கள், "அத்தை, டாக்டர் கேக்கச் சொல்லியிருக்கார்" என்று அவர் வாங்கி வைத்துக்கொள்ளட்டும். படுக்கையில் கிடப்பவர் மறுத்தால் அது மனத்தாங்கலாகிவிடும்.

முதல் டம்ளர்

தாளில் சொன்ன நாள் வந்ததும் பழைய டவராவை எடுக்காதீர்கள். 60 மி.லி. போதும், வழக்கமாக விடும் டிகாஷனில் பாதி. சர்க்கரை கிடையாது. வெறும் வயிற்றில் வேண்டாம், சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்து. பொறுக்கும் சூட்டில், உறிஞ்சி உறிஞ்சி, இருபது நிமிடம் எடுத்துக் குடியுங்கள். ஸ்ட்ரா வேண்டாம்.

பாலையும் காபியையும் ஒரே நாளில் புதிதாகத் தொடங்காதீர்கள். ஆபரேஷனுக்குப் பிறகு, குறிப்பாக பைபாஸில், சிலருக்குப் பால் ஒத்துக்கொள்ளாமல் போகும். இரண்டையும் சேர்த்துத் தொடங்கி வயிறு கலங்கினால் குற்றவாளி யார் என்று கண்டுபிடிக்க முடியாது. பால் பழகி ஒரு வாரம் ஆகட்டும், பிறகு காபி. குடித்தபின் நெஞ்சு கரிக்கிறதா, படபடக்கிறதா, கை நடுங்குகிறதா என்று பார்த்துவிட்டு இரண்டு நாள் கழித்து அடுத்தது. எடை இறங்கிய உடம்பில் பழைய அளவு பலமாக அடிப்பதுபோல் சிலர் உணர்வதுண்டு.

சர்க்கரைக்கு வருவோம். பைபாஸ் செய்தவர் இனிப்புக் காபி குடித்தால் சர்க்கரைத் தண்ணீர் தடையில்லாமல் நேராகச் சிறுகுடலில் கொட்டும். பத்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் வியர்வை, படபடப்பு, தலைசுற்றல், வயிற்றுப் பிடிப்பு. படுத்தால் தேவலை போலிருக்கும். டம்பிங் என்பார்கள். பலர் இதைக் "காபி ஒத்துக்கலை" என்று எழுதிவிட்டுச் சர்க்கரையைத் தப்பவிட்டுவிடுகிறார்கள். கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் தேனும் இந்த விஷயத்தில் வெள்ளைச் சர்க்கரையின் உடன்பிறப்புகளே.

புரதம் 60 கிராம் தேறவில்லை என்று அவஸ்தைப்படுபவர்கள் காபியையே வேலை வாங்கலாம். வாசனை சேர்க்காத புரதப் பொடியை ஆறின, கொழுப்பெடுத்த பால் 100 மி.லி.யில் கட்டியில்லாமல் கலக்குங்கள். அதற்குப் பிறகு 20 மி.லி. டிகாஷன் விட்டு, வெதுவெதுப்பாகும் வரை மட்டும் சூடாக்குங்கள். கொதிக்கிற காபியில் பொடியைக் கொட்டினால் திரிந்து திப்பி திப்பியாக நிற்கும்.

மாத்திரைகளுக்கு நடுவே ஒரு நேரம்

இனி வாழ்நாள் முழுக்க வைட்டமின், இரும்பு, கால்சியம். இரும்பைக் காபி, டீயின் துவர்ப்புச் சத்துகள் கட்டிப்போட்டுவிடும். டீ காபியைவிட மோசம். இது கஃபீனின் வேலை இல்லை, ஆகவே கஃபீன் நீக்கிய டீகாஃபுக்கு மாறினாலும் தப்பிக்க முடியாது. சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் குடித்தாலும் சாப்பாட்டோடு குடித்த மாதிரிதான் கெடுக்கும். பைபாஸில் இரும்பை அதிகம் உறிஞ்சும் முன்சிறுகுடல் பாதையிலிருந்தே விலகிவிடுகிறது, கிடைப்பதே கொஞ்சம். மாதவிடாய் உள்ள பெண்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும்.

தைராய்டு மாத்திரை போடுபவர்களுக்கு ஒரு நாள் இப்படி அமையலாம். காலை 6 மணிக்குத் தண்ணீரில் தைராய்டு மாத்திரை. ஏழரைக்குச் சிற்றுண்டி. பத்தரைக்குக் காபி. ஒரு மணிச் சாப்பாட்டோடு ஒரு கால்சியம், சாயங்காலம் இன்னொன்று. படுக்கப்போகும்போது இரும்பு. தைராய்டு மாத்திரைக்கும் கால்சியம், இரும்புக்கும் நடுவே 4 மணி நேரம் வேண்டும். இரும்புக்கும் கால்சியத்துக்கும் நடுவே 2 மணி நேரம். காலை ஐந்தரைக் காபியைப் பத்தரைக்குத் தள்ளுவது சுலபமில்லை என்று தெரியும். முதல் வாரம் அந்த நேரத்தில் வெந்நீரோ சீரகத் தண்ணீரோ அதே டம்ளரில் குடித்துப் பாருங்கள், கைக்கு ஒரு டம்ளர் வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

மாற்று என்று வருபவை

சுக்குக் காபியில் காபி கிடையாது, கருப்பட்டி உண்டு. கருப்பட்டி இல்லாமல் போட்டால் நல்லது. சில வீடுகளில் மணத்துக்காகக் காபித்தூளும் போடுவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். கிரீன் டீயிலும் கஃபீன் இருக்கிறது, எடை குறைக்கும் என்று அதை ஐந்து கப் குடிப்பதில் பொருளில்லை. மால்ட் பானங்கள் பெரும்பாலும் சர்க்கரைதான். கோலா வேண்டாம், வாயுவும் வரும். எனர்ஜி டிரிங்கில் லிட்டருக்கு 300 மி.கி. வரை கஃபீன் இருக்கச் சட்டம் அனுமதிக்கிறது, போதாததற்குச் சர்க்கரையும் வாயுவும். அதன் பக்கமே போகாதீர்கள்.

ஓர் ஆண்டு கழித்து எல்லாம் சீராக இருந்தால் நாளைக்கு ஒன்றோ இரண்டோ சிறிய டம்ளர், மூன்று மணிக்கு மேல் இல்லை என்பது நல்ல அளவு. ஆபரேஷனுக்குப் பிறகு கர்ப்பமாகும் பெண்களுக்கு மொத்தமாகவே 200 மி.கி.தான் வரம்பு.

மேல்வயிற்றில் விடாத வலி, சாப்பிட்டதும் வாந்தி, தண்ணீர்கூட இறங்காமை இவற்றில் எது வந்தாலும் காபியைக் குறைத்துப் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் சர்ஜனுக்கு போன் செய்யுங்கள். வாந்தி காபித்தூள் நிறத்தில் இருந்தால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். மலம் தார்போலக் கறுத்து, பிசுபிசுத்து, துர்நாற்றம் அடித்தாலும் அதே சந்தேகம்தான். இரும்பு மாத்திரையாலும் மலம் கறுக்கும், ஆனால் பிசுபிசுப்போ அந்த நாற்றமோ இருக்காது. வித்தியாசம் தெரியாவிட்டால் அன்றைக்கே எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள், மாத்திரைச் சீட்டுகளையும் கையோடு எடுத்துக்கொண்டு.