மதுவுக்கு விலை கொடுத்த ஆறு

அன்புள்ள கண்ணு,

ஜெர்மனியில் மோசெல் ஆற்றங்கரை ஊர்களுக்குப் போகிறவர்கள் திராட்சைச் சரிவுகளையும் மது நிலவறைகளையும் பார்க்கிறார்கள். அங்கே நோய்மாகனில் கிடைத்த 3ஆம் நூற்றாண்டுக் கற்சிற்பம் மதுப் பீப்பாய் ஏற்றிய படகையே காட்டுகிறது. நமக்கு அப்படி ஓர் ஆறு இல்லையே என்று நீ கேட்கலாம். கருமத்தம்பட்டியிலிருந்து சோமனூர் தாண்டினால் நொய்யல். அதன் கரையில் மது விளையவில்லை. கடல் தாண்டி வந்த மதுவுக்கும் காசுக்கும் ஈடாகப் போன சரக்கு அங்கே உருவானது. ஆகவே இந்த ஆற்றுவழியில் போகிறவர் மதுச்சாடியைத் தேடாமல் பட்டறையைத் தேட வேண்டும் என்பது என் கட்சி.

1ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளஸ் என்னும் வணிகக் கையேடு, மேற்குக் கடற்கரைத் துறைமுகமான முசிறியில் இறங்கிய சரக்குகளில் மதுவையும் சொல்கிறது, அளவு கொஞ்சம்தான். நிறைய இறங்கியது காசு. பாலக்காட்டுக் கணவாய் தாண்டி வந்தால், வெள்ளலூரில் அகஸ்டஸ், டைபீரியஸ் பெயர் பொறித்த ரோமானிய வெள்ளிக் காசுகள் புதையல் புதையலாக அகப்பட்டிருக்கின்றன, முதலாவது 1842இல். இன்னும் கீழே, சென்னிமலைப் பக்கம், கொடுமணல். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று அணிகலனோடு சேர்த்துச் சொல்லும் ஊர் இதுவே என்பது அறிஞர்கள் கருத்து. 1985 முதல் பல கட்டமாக நடந்த அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளும், பெரில், பளிங்கு, சூதுபவள மணிகளும் வெளிப்பட்டன. முழு மணிகளைவிட எனக்குப் பெரிதாகப் படுவது பாதியில் விட்டவையும் உடைந்த சில்லுகளும்தான். முழு மணியை யார் வேண்டுமானாலும் வாங்கி வைத்திருக்கலாம். கழிவு கிடக்கிற இடத்தில்தான் வேலை நடந்திருக்கும். பெரில் கல்லுக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை, காங்கயத்துக்குப் பக்கத்துப் படியூரில் 19ஆம் நூற்றாண்டிலும் அதை வெட்டினார்கள். பெரில் இந்தியாவுக்கு வெளியே அரிதாகவே கிடைக்கிறது என்று எழுதிய ரோமானியர் பிளினியே, ஆண்டுதோறும் தம் நாட்டுப் பணம் இந்தியாவுக்குப் போகிறதென்றும் புலம்பினார்.

அந்தக் காசு மிளகுக்காக வந்தது, கொங்குக் கல்லுக்கு இதில் என்ன பங்கு என்று மறுப்பார்கள். மிளகுதான் பெரிய சரக்கு, சந்தேகமில்லை. ஆனால் மிளகு விளைவது மலைக்கு அந்தப்புறம்; அதற்குக் கொடுத்த காசு இந்தப்புறம் வெள்ளலூரில் புதைந்து கிடப்பானேன்? கீழைக் கடற்கரைக்குப் போகிற வழியில் தங்கிய காசாகவும் இருக்கலாம்தான். இருந்தாலும் முசிறியில் ஏற்றிய சரக்குகளில் ஒளி ஊடுருவும் கற்களையும் பெரிப்ளஸ் சேர்த்திருக்கிறது. நொய்யல் பட்டறைகளை ஒதுக்கிவிட்டு அந்த வரிக்கு முழுப் பொருள் சொல்ல முடியாது.

மது வந்ததென்றால் ஜாடி எங்கே என்பது அடுத்த கேள்வி. முசிறி என்று கருதப்படும் பட்டணம் என்னும் ஊரில், ஆம்போரா என்னும் அந்த ஜாடியின் ஓடுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. வெறும் ஜாடியே பத்துக் கிலோவுக்கு மேல் கனக்கும். கப்பலுக்கு அது பாரமில்லை, கணவாய் ஏறும் பொதிமாட்டுக்குப் பாரம். உள்நாட்டில் ஓடு அருகிப்போனதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். கரூரில் ஆம்போரா ஓடு கிடைத்ததை இங்கே சாட்சிக்கு அழைக்க மாட்டேன். அது கிழக்கே காவிரி வழியாகவும் வந்திருக்கலாம்.

பார்க்க ஒன்றுமில்லை, ஆறும் நாறுகிறது என்பார்கள். கோட்டை கொத்தளம் இல்லைதான். ஆனால் விசைத்தறிச் சத்தத்தில் வளர்ந்த உனக்குப் பட்டறை ஊரை அடையாளம் காணச் சொல்லித்தர வேண்டுமா? கொடுமணலுக்குப் பக்கத்தில் ஒரத்துப்பாளையம் அணை இருக்கிறது. 1992இல் பாசனத்துக்குக் கட்டியது, திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப் போனது. 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்கு வழக்கு முற்றியது. ஏற்றுமதிக்காக உழைக்கும் கரை அன்றும் இன்றும் இதுதான் என்பதால் அணையையும் பயணத்தில் சேர்த்துக்கொள்.

கொடுமணல் காட்டில் மணியோ சில்லோ கண்ணில் பட்டால் எடுத்துவராதே. இடம் பெயர்ந்த சில்லு எந்தப் பட்டறையின் கழிவு என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

அன்புடன்,
உன் பெரியப்பா