குடியை விடத் தயாராகிவிட்டோமா? எப்படித் தெரிந்துகொள்வது?



குடி உடம்பைக் கெடுக்கும், குடும்பத்தைக் கெடுக்கும் என்பதை நம் தோட்ட மக்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. தோட்ட ஆஸ்பத்திரிக்கு வரும் தோழர்களைக் கேட்டால், "தெரியுதுங்க ஐயா, விடத்தான் வேணும். ஆனா மனசு இன்னும் தயாராகலையே" என்றுதான் பலரும் சொல்கிறார்கள். வேறு சிலர் நாள் குறிக்கிறார்கள். "தீபாவளி போகட்டும்", "மவ கல்யாணம் முடியட்டும்", "தைப்பூசத்துக்கு மாலை போடறப்ப அப்படியே விட்டுடறேன்" என்கிறார்கள். தீபாவளி வருகிறது, போகிறது. அடுத்த தீபாவளியும் வந்துவிடுகிறது.

ஆகவே இந்த முறை, குடியின் கெடுதிகளைப் பட்டியல் போடுவதை விட்டுவிட்டு, "தயார்" என்ற அந்த ஒரு சொல்லைப் பற்றிப் பார்ப்போம். தயாராவது என்றால் என்ன? அது தானாக வருமா, நாம் வரவழைக்க வேண்டுமா? மனம் தயாரானால் போதுமா, உடம்பும் தயாராக வேண்டுமா?

நம் முன்னோர் செய்த முயற்சி

1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அதில் முன்னின்றவர் ஆர்.எச். நாதன். அந்த ஆண்டு மே மாதம் வெள்ளைக்கார அரசாங்கம் அவரைக் கைது செய்தது. தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடும் நடந்தது. அன்று நம் பாட்டன்மார் கேட்டவை என்ன? சம்பள உயர்வு கேட்டார்கள். துரைமாரைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற இழிவை ஒழிக்கச் சொன்னார்கள். தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடு என்றும் கேட்டார்கள். போர் முடிந்த பிறகு, 1947-இல், கெடா மாநிலம் பீடோங் பக்கத்தில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியல் செய்து அடிபட்டார்கள்.

குடியை விட வேண்டும் என்பது நமக்கு வெளியார் சொன்ன புத்தி அல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். தொழிலாளியே கேட்டுப் போராடிய விஷயம் இது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கடையை மூடினால் வாங்கும் வழி குறையும். பழகிப்போன உடம்பின் தேவை அதனால் மறையாது. கள்ளுக்கடை போன இடத்தில் சம்சு வந்து உட்கார்ந்தது. கடை விஷயம் சங்கத்தின் வேலை, ஊரின் வேலை. உடம்பு விஷயம் ஒவ்வொருவரும் தானே எடுக்க வேண்டிய முடிவு.

முதலில் நம் நிலை என்ன?

அமெரிக்க டாக்டர் ஜான் யூவிங் என்பவர் நான்கே கேள்விகள் வகுத்தார். 1984-இல் மருத்துவப் பத்திரிகையில் வெளிவந்த அந்தக் கேள்விகளை இன்றும் உலகம் முழுதும் டாக்டர்கள் கேட்கிறார்கள். தனியாக உட்கார்ந்து உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று: குடியைக் குறைக்க வேண்டும் என்று எப்போதாவது நினைத்தீர்களா?
இரண்டு: உங்கள் குடியைப் பற்றி யாராவது சொன்னால் எரிச்சல் வருகிறதா?
மூன்று: குடித்துவிட்டோமே என்று மனம் குறுகுறுத்தது உண்டா?
நான்கு: காலையில் கை நடுக்கம் நிற்கவோ, உடம்பு தெளியவோ ஒரு வாய் ஊற்றிக்கொண்டது உண்டா?

இரண்டு கேள்விக்கு "ஆமாம்" என்றால், டாக்டரிடம் பேச வேண்டிய நிலை வந்துவிட்டது என்று பொருள். நான்காவது கேள்விக்கு "ஆமாம்" என்பவர், கீழே உடம்பைப் பற்றி எழுதியுள்ளதைப் படிக்காமல் எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

மனம் தயாராகும் படிகள்

புரோச்சாஸ்கா, டிகிளமெண்டி என்ற இரண்டு அமெரிக்க மனநல அறிஞர்கள் சிகரெட்டை விட்டவர்களை ஆராய்ந்து, மனிதன் மாறுவது ஒரே நாளில் நடப்பதில்லை, படிப்படியாகத்தான் நடக்கிறது என்று 1980-களின் தொடக்கத்தில் எழுதினார்கள். அதை நம் பாஷையில் சொன்னால் இப்படி வரும்:

முதல் படி: "எனக்கு ஒன்னும் இல்லை, நான் நல்லாத்தான் இருக்கேன்."
இரண்டாம் படி: "விடணும்தான்... ஆனா..."
மூன்றாம் படி: நாள் குறித்து, ஏற்பாடு செய்வது.
நான்காம் படி: விடுவது.
ஐந்தாம் படி: விட்டதைக் காப்பாற்றுவது.

நம்மில் பெரும்பாலோர் நிற்பது இரண்டாம் படியில். அங்கே நிற்பதில் வெட்கம் இல்லை, ஆனால் அங்கேயே வருஷக் கணக்கில் நின்றுவிடுகிறோம். "மனசு தயாராகட்டும்" என்று காத்திருப்பவர், மழை வருவதைப் போல அது ஒரு நாள் வந்துவிடும் என்று நினைக்கிறார். அப்படி வருவதில்லை. மூன்றாம் படியின் வேலைகளைச் செய்யச் செய்யத்தான் மனம் தயாராகிறது. பயம் முழுதும் போன பிறகு விட்டவர்கள் மிகக் குறைவு. பயத்தோடு விட்டவர்களே அதிகம்.

பிறகு எதை வைத்துத் தெரிந்துகொள்வது? வாய்ச் சொல்லை வைத்தல்ல, செய்த ஏற்பாட்டை வைத்துத்தான். இந்த ஐந்தைப் பாருங்கள்.

1. தேதி குறித்தாயிற்றா? "தீபாவளிக்குப் பிறகு" என்பது தேதி ஆகாது. இரண்டு வாரத்துக்குள் ஒரு கிழமை, ஒரு நாள் சொல்ல வேண்டும்.
2. வீட்டில் ஒருவரிடமும், வெளியில் ஒருவரிடமும் சொல்லியாயிற்றா?
3. சம்பளம் பேங்கில் விழும் நாளுக்கு என்ன ஏற்பாடு? அன்று கார்டு யார் கையில் இருக்கும்?
4. வேலை முடிந்து குளித்த பிறகு, வழக்கமாகக் குடிக்கப் போகும் அந்த இரண்டு மணி நேரத்தில் என்ன செய்யப் போகிறீர்கள்? "சும்மா இருப்பேன்" என்றால் அது ஏற்பாடு இல்லை.
5. "வாப்பா, ஒரு கிளாஸ்தானே" என்று கூட்டாளி கூப்பிட்டால் சொல்வதற்கு ஒரு வார்த்தை தயாராக இருக்கிறதா? "டாக்டர் கூடாதுன்னுட்டாரு" என்பதே போதும்.

ஐந்தில் நான்கு இருந்தால் நீங்கள் தயார். மனம் இன்னும் ஆடினாலும் தயார்தான். ஒன்றுமே இல்லை என்றால், எவ்வளவு அழுது சத்தியம் செய்தாலும் இன்னும் இரண்டாம் படியில்தான் இருக்கிறீர்கள்.

தைப்பூச விரதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மாலை போட்டவுடன் குடியை நிறுத்தி, பத்துமலை போய் வந்ததும் மறுபடி தொடங்கும் தோழர்கள் உண்டு. அவர்களைக் கேலி செய்ய வேண்டாம். விரத காலத்தில் தேதி இருக்கிறது, ஊரறியச் சொன்ன சொல் இருக்கிறது, மாலை நேரத்துக்குப் பூசை இருக்கிறது. மேலே சொன்ன ஏற்பாடுகள் எல்லாம் தாமே அமைந்துவிடுகின்றன. மாலையைக் கழற்றியதும் அவை போய்விடுகின்றன, குடி திரும்புகிறது. கழற்றிய மறுநாளுக்கும் ஏற்பாடு செய்தவர் தப்பிக்கிறார்.

காத்திருப்பதற்கும் விலை உண்டு

ஈரல் ஒரு மணி நேரத்தில் சுமார் 10 கிராம் சாராயத்தைத்தான் கரைக்கும். 5 சதவீதப் பியர் ஒரு பெரிய போத்தலில் சுமார் 25 கிராம் இருக்கிறது. இரவு 10 மணிக்கு மேல் மூன்று போத்தல் குடித்தவருக்கு விடிகாலை 5 மணிக்கும் ரத்தத்தில் சாராயம் இருக்கும். கருப்புக் காப்பியோ பச்சைத் தண்ணீர்க் குளியலோ அதை வேகப்படுத்தாது. அந்த நிலையில்தான் மோட்டார் சைக்கிள் ஏறிப் பெரட்டுக்கு வருகிறார், செம்பனைக் குலை வெட்ட நீண்ட அரிவாளைத் தூக்குகிறார்.

குடியால் ஈரலில் கொழுப்பு படிவது முதல் கட்டம். அந்தக் கட்டத்தில் நிறுத்தினால் சில வாரங்களிலேயே ஈரல் தேறத் தொடங்கும். ஈரல் சுருங்கி இறுகிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்புவது பெரும்பாலும் இல்லை. "எல்லாம் போன பிறகுதான் புத்தி வரும்" என்று சொல்வார்கள். புத்தி வரும்போது ஈரலும் இருக்க வேண்டும் அல்லவா?

மலிவுச் சரக்கின் ஆபத்து வேறு. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் மாண்டார்கள். அவர்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் இருந்தார்கள். குடித்த சில மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் கண் மங்கினாலோ, வயிறு கடுமையாக வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, "போதை தெளியட்டும்" என்று படுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

உடம்பு தயாரா? இதைக் கவனமாகப் படியுங்கள்

வாரத்துக்கு ஒரு நாள் குடிப்பவர் இன்றே நிறுத்தலாம். ஆனால் வருஷக் கணக்கில் தினமும் நிறையக் குடித்தவர், காலையில் குடிக்காவிட்டால் கை நடுங்குபவர், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், இவர்கள் மூவரும் வீட்டில் திடீரென்று நிறுத்தக் கூடாது. வைராக்கியம் எவ்வளவு இருந்தாலும் கூடாது. அது உயிருக்கு ஆபத்து.

நிறுத்திய 6 முதல் 12 மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை தொடங்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு மனம் குழம்பிப் போகும். இல்லாத பூச்சியைத் தட்டுவார்கள், சுவரில் ஆள் நிற்பதாகக் கத்துவார்கள், காய்ச்சலும் படபடப்பும் சேரும். நம் மக்கள் இதைப் "பேய் பிடிச்சிருக்கு" என்று சொல்லி மந்திரிக்க அழைத்துப் போவதுண்டு. இது பேய் அல்ல. பழகிய சாராயம் திடீரென்று நின்றதால் மூளை கொதிக்கும் நிலை. கவனிக்காவிட்டால் ஆள் போய்விடுவார்.

ஆகவே இவர்கள் முதலில் தோட்ட ஆஸ்பத்திரிக்கோ அரசாங்கக் கிளினிக்குக்கோ போய், எவ்வளவு குடிக்கிறேன் என்று மறைக்காமல் சொல்ல வேண்டும். தேவைப்பட்டால் பந்திங் ஆஸ்பத்திரிக்கோ, கிள்ளான் துங்கு அம்புவான் ரஹிமா ஆஸ்பத்திரிக்கோ அனுப்புவார்கள். சில நாள் மருந்து கொடுத்து, மெல்லக் குறைத்து, வைட்டமின் பி1 கொடுத்துப் பத்திரமாக நிறுத்த வழி இருக்கிறது. அடுத்த வீட்டுக்காரரின் தூக்க மாத்திரையை வாங்கி விழுங்காதீர்கள். குடியும் அந்த மாத்திரையும் சேர்ந்தால் மூச்சே நின்றுவிடும்.

வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவி கொடுப்பது, வாயில் கரண்டி வைப்பது, தண்ணீர் ஊற்றுவது எதுவும் வேண்டாம். ஆளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, சுற்றியுள்ள பொருள்களை அகற்றிவிட்டு, 999-ஐ அழையுங்கள்.

வீட்டார் காத்திருக்கத் தேவையில்லை

சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்ற அம்மையார் குடிநோயால் கணவரை இழந்தார். வீட்டுக்குள் முடங்கிவிடாமல், 1980-இல் கணவர் பெயரில் குடிநோயாளிகளுக்கான சிகிச்சை நிலையம் தொடங்கினார். 1992-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தது. அந்த நிலையத்தில் குடிப்பவரோடு சேர்த்து மனைவிக்கும் குடும்பத்தாருக்கும் ஆலோசனை தருவதைச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே வைத்தார்கள்.

நம் தாய்மார்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். அவர் தயாராகவில்லை என்றாலும் நீங்கள் வந்து பேசலாம். போதையில் இருக்கும்போது சண்டை வேண்டாம். காலையில், தெளிந்த நேரத்தில், "நேத்து இப்படி நடந்துச்சுங்க, பிள்ளைங்க பயந்துடுச்சு" என்று நடந்ததை மட்டும் சொல்லுங்கள். அவருக்காகப் பொய் சொல்லி லீவு கேட்பதையும், கடையில் கடன் கட்டுவதையும் நிறுத்துங்கள். அடி விழுந்தால் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பான இடம் முதலில். குடிப்பவர் பெண்ணாக இருந்தால் ஏச்சுக்குப் பயந்து மறைப்பது அதிகம். அவரையும் இதே பரிவோடு அழைத்து வாருங்கள்.

வழுக்கினால்?

ஐந்தாம் படியில் நின்றவரும் வழுக்குவதுண்டு. சாவு வீட்டில் ஒரு கிளாஸ், கல்யாணத்தில் ஒரு கிளாஸ். "எல்லாம் போச்சு" என்று அன்றிரவே முழுப் போத்தலை முடிப்பதுதான் பெரிய கேடு. மறுநாள் காலையில் வந்து சொல்லுங்கள். எந்த இடத்தில், யாரோடு, எந்த நேரத்தில் வழுக்கியது என்று பார்த்து அந்த ஏற்பாட்டைச் சரிசெய்வோம். பல தடவை முயன்ற பிறகே நிலையாக விட்டவர்கள் அதிகம்.

தோழர்களே! இதைப் படித்து முடித்ததும் நாட்காட்டியை எடுங்கள். அடுத்த சம்பள நாளுக்கு முன் ஒரு தேதியை வட்டமிடுங்கள். தினமும் குடிப்பவராக இருந்தால், அந்தத் தேதியில் முதலில் செய்ய வேண்டியது தோட்ட ஆஸ்பத்திரிக்கு வருவது. குடிப்பவர் வந்தால் ஏச மாட்டோம். மற்ற நோயாளிகளைப் போலவே பெயரைப் பதிந்து, ரத்த அழுத்தம் பார்த்து, உட்கார வைத்துப் பேசுவோம்.