ஓட்டுப் பாசி: நாமே தேய்க்கலாமா, ஆள் வைக்கலாமா?

ஆனி, ஆடியில் ஆரியங்காவு கணவாய் வழியா வரும் சாரல் குற்றாலத்தை மட்டுமா நனைக்குது? தென்காசியில் எங்க ஓட்டு வீட்டையும்தான். கூரை முழுக்கப் பாசி! இதில் மாஸ் என்ற செடியும் உண்டு. அதுக்கு உண்மையான வேர் கிடையாது. வேரிகளால் ஒட்டிக்கிட்டு, தண்ணீரைப் பஞ்சு போலப் பிடிச்சு வைக்கும். ஈரம் இறங்கினா அடியில் ரீப்பர் இத்துப்போகும்.

கூலி மிச்சம்னு தாத்தா ஏணியை எடுத்தார். ஆச்சி விடலை. "இடுப்பு முறிஞ்சா ஆஸ்பத்திரிச் செலவு யாரு குடுப்பா?" இதுதான் சரியான கணக்கு. ஈரப்பாசி வழுக்கும். ஓட்டின் நடுவே மிதித்தால் உடையும். சட்டம் தாங்கும் இடம் பார்த்து மிதிக்க, ஓடு மாத்துறவருக்குத்தான் தெரியும். அவரைச் சித்திரையிலேயே கூப்பிடணும். வெயிலில் காய்ந்த பாசி பிரஷ்ஷுக்கே உதிரும். உடைஞ்ச ஓடுகளையும் அப்பவே மாத்திடலாம்.

சுற்றுச்சுவர் உள்ள மொட்டை மாடின்னா ஆள் வேண்டாம். தண்ணி போற குழாயை அடைச்ச இலையை நாமே அள்ளலாம்.