கரியில் புராஜெக்ட் எடுக்கும் மாணவர்களுக்கு

வேதிப்பொறியியல் மாணவர்களின் இறுதியாண்டுத் தலைப்புகளைப் பார்த்தால் மனசு வலிக்கிறது. ஏதோ ஒரு பழத்தோல், ஏதோ ஒரு ஓடு. அதைக் கரியாக்கி, தண்ணீரிலிருந்து மெத்திலீன் நீலத்தை எடுப்பது. சீனியர் செய்தார் என்று ஒருவர் எடுக்கிறார். "தண்ணி சம்பந்தமா எடுடா, வேலை கிடைக்கும்" என்று அப்பா சொன்னதால் இன்னொருவர்.

கரியில் தூள், குருணை, பெல்லட் என்ற மூன்று வகையும் உங்களுக்குத் தெரிந்ததுதான். குடிநீரில் பாசி வாடை அடிக்கும் நாட்களில் தூளைக் கலந்து சகதியோடு வெளியேற்றுவார்கள். வடிகட்டிப் படுகைக்குக் குருணை. தண்ணீர் அதில் பத்து, இருபது நிமிடமாவது தங்க வேண்டும். ஆனால் தர்மபுரிக் கிணற்று நீரில் உள்ள ஃபுளோரைடுக்குச் சாதாரணக் கரி உதவாது. காற்றைச் சுத்தம் செய்யப் பெல்லட்.

மெத்திலீன் நீலத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது நேர்மின்னேற்றம் கொண்ட சிறிய மூலக்கூறு. அரைகுறையாகச் சுட்ட கடலைத்தோல்கூட அதைப் பிடித்துக்கொள்ளும். குடுவையில் கொஞ்ச நேரம் குலுக்கினால் நிறம் போய்விடும், லாங்மியூர் கோடும் அழகாக விழும். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் 'சாயப்பட்டறைக் கழிவுக்கு ஏற்றது' என்று எழுதிவிடுவார்கள். திருப்பூரில் பருத்திக்குப் போடுவது பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம். அது எதிர்மின்னேற்றம் கொண்டது, மூலக்கூறும் பெரியது. நுண்துளை மட்டுமே உள்ள கரிக்குள் எளிதில் நுழையாது. கழிவில் உப்பு வேறு ஏராளம். நொய்யல் ஆற்றையும் ஒரத்துப்பாளையம் அணையையும் கெடுத்ததில் பெரும்பங்கு அந்த உப்புக்குத்தான். உப்பைக் கரி தொடவே தொடாது. 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட ஊரின் சிக்கலுக்கு இந்தக் குடுவையில் விடை கிடையாது.

என்னைக் கேட்டால் பெல்லட் பக்கம் வாருங்கள் என்பேன். கரித்தூளைப் பிணைப்பானோடு பிசைந்து, முறுக்கு பிழிவதுபோல் அச்சில் தள்ளி, வெட்டி, நீராவியில் சுட்டெடுத்தது அது. 4 மில்லிமீட்டர் பெல்லட்டை உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள். அவ்வளவாகக் கரி ஒட்டாது. படுகையில் கொட்டினால் இடைவெளி விட்டு விழும், காற்று தடையில்லாமல் போகும், விசிறிக்குச் சுமை குறையும். கரிப்படுகையைக் காற்று கடப்பது நொடிக்கும் குறைவான நேரத்தில். அதற்குள் கரி தன் வேலையை முடித்தாக வேண்டும்.

வாங்கும்போது அயோடின் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், காற்றுக்கு சி.டி.சி. (கார்பன் டெட்ராகுளோரைடு) எண்ணும் கடினத்தன்மையும் முக்கியம். கழிவுநீர் நீரேற்று நிலையத்தின் அழுகிய முட்டை வாடைக்குக் காரம் ஏற்றிய பெல்லட் கேளுங்கள். ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் நீராவியே துளைகளில் இடம் பிடிக்கும். கடலோர ஊரில் சோதிப்பவருக்கு இது பெரிய தலைவலி, நல்ல ஆய்வுப்பொருளும் அதுதான்.

பைப் பொருத்தி, கசிவு பார்த்து, மணிக்கணக்கில் அளவு குறிக்கப் பிடித்தவருக்கே இந்தப் பெல்லட் சோதனை சரிவரும். கணக்கில் கை ஓடுகிறவர் அதே படுகைக்கு மாடல் எழுதலாம், அதுவும் குறைந்ததல்ல. பெற்றோரே, பிள்ளைக்கு எதில் கை போகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள், பிறகு பேசுங்கள். அவசரப்பட்டு எடுத்த தலைப்பில் யாரும் ஆழமாகக் கற்றதை நான் பார்த்ததில்லை.

தொடங்கும்போது பெல்லட்டை 110 டிகிரியில் உலர்த்தி எடை போடுங்கள். காற்றோடு அனுப்பும் ஆவி படுகையின் வெளிவாயில் தலைகாட்டியதும் சோதனையை நிறுத்திவிடாதீர்கள். உள்ளே போகும் அளவே வெளியே வரும்வரை ஓடவிடுங்கள். வெளிவரும் அளவை நேரத்துக்கு எதிராக வரையும் வளைவின் மேல்பாதி இல்லாமல் படுகையின் முழுக் கொள்ளளவைக் கணக்கிட முடியாது.