வலியும் காலமும் இடனும்: அலைபேசி வலையமைப்பில் இயந்திரக் கற்றல்

முன்னுரை

1995ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு, தில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசியதே இந்தியாவின் முதல் அலைபேசி உரையாடலாகும். 2022 மே 17ஆம் நாள், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் தலைமையில் எட்டு நிறுவனங்கள் உருவாக்கிய ஐந்தாம் தலைமுறைச் சோதனைக் களம் தொடங்கப்பெற்றது. அவ்வாண்டு அக்டோபர் 1ஆம் நாள் ஐந்தாம் தலைமுறைச் சேவையும் நாட்டில் அறிமுகமாயிற்று. தலைமுறை வளருந்தோறும் கோபுரங்கள் பெருகுகின்றன. ஒவ்வொன்றிலும் திருத்த வேண்டிய அளவுகளும் பெருகுகின்றன. மனிதக் கைக்கு அடங்காத அப்பணியை இயந்திரக் கற்றல் எவ்வாறு ஏற்கிறது என்பதனை, திருக்குறளில் அடுத்தடுத்து நிற்கும் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் எனும் அதிகாரத் தலைப்புகளின் வழியே காண்போம்.

கற்றல் என்பது யாது?

தொலைபேசி அழைப்புகளின் வரவை டென்மார்க் அறிஞர் எர்லாங் 1909இல் கணிதத்தால் ஆராய்ந்தார். அவ்வழியில் விதியை வகுத்தவன் மனிதன். ஆர்தர் சாமுவேல் 1959இல் பரப்பிய 'இயந்திரக் கற்றல்' எனும் கருத்தோ வேறானது. பழைய பதிவுகளிலிருந்து விதியைக் கணிப்பொறியே உய்த்துணர்கிறது. பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற நம் விருத்தாசலத்தில் இதனை விளக்குதல் எளிது. அனலின் நிறங்கண்டு சூளையின் வெப்பத்தை உணரும் முதிய தொழிலாளி, பல சூளைகளைக் கண்ட பழக்கத்தாலேயே அதனை அறிகிறார்.

வலியறிதல்

ஒரு கோபுரம் தாங்கும் சுமைக்கு எல்லையுண்டு. மணிமுத்தாற்றங்கரையில் மாசிமகத்தன்று மக்கள் திரளும்போது ஒரே கோபுரத்தை ஆயிரக்கணக்கான கருவிகள் நாடும். பெருகவிருக்கும் சுமையை முன்னரே கணித்து, அருகிலுள்ள கோபுரங்களுக்குப் பகிர்ந்தளிப்பது கற்ற பொறியின் முதற்பணி.

காலமறிதல்

வலையமைப்பு செலவிடும் மின்சாரத்தில் பெரும்பகுதி கோபுரங்களுக்கே செல்கிறது. ஆகவே, அழைப்புக் குறைந்த நள்ளிரவில் கோபுரத்தின் சில உறுப்புகளை உறங்கச் செய்து மின்சாரத்தை மிச்சப்படுத்தலாம். ஆயின் ரமலான் திங்களில் ஸஹர் வேளையில் இல்லங்கள் விழித்திருக்கும். அத்திங்களோ ஆண்டுதோறும் ஏறத்தாழப் பதினொரு நாள் முன்னோக்கி வருவது. ஆங்கில நாட்காட்டியை மட்டும் கற்ற பொறி, மக்கள் விழித்திருக்கும் வேளையில் கோபுரத்தை உறங்கவைக்கக்கூடும்.

இடனறிதல்

விருத்தாசலம் சந்திப்பிலிருந்து விரையும் தொடர்வண்டியில் ஒருவர் பேசிச் செல்கிறார். அவருடைய அழைப்பு ஒரு கோபுரத்திலிருந்து மற்றொன்றுக்குக் கைமாற வேண்டும். முந்தினால் வலுவற்ற அலையில் சிக்கும்; பிந்தினால் அறுபடும். முன்சென்ற பயணங்களின் பதிவுகளால் உரிய இடத்தைப் பொறி கணிக்கிறது.

தெரிந்து தெளிதல்

இம்மூன்றையும் அடுத்து வள்ளுவர் வைத்த அதிகாரம் தெரிந்துதெளிதல். ஆராய்ந்த பின்னரே ஒருவரை நம்புக என்பது அதன் கருத்து. அஃது இப்பொறிக்கும் பொருந்தும். 2011 டிசம்பர் 30ஆம் நாள் 'தானே' புயல் கடலூர் மாவட்டத்தைச் சூறையாடியது. அத்தகைய நாள்கள் அரியவை. பதிவுகளில் அவற்றிற்குச் சான்று குறைவு. சான்று குறைந்தவிடத்துக் கற்ற பொறியும் தடுமாறும். நகரங்களின் பதிவுகளை மிகுதியாகக் கற்ற பொறி சிற்றூரின் தேவையை உணராது போகலாம்.

இதனினும் முதன்மையானது குறிக்கோள். மின்சாரத்தை மிச்சப்படுத்துவதே வெற்றி என்று கற்பித்தால், அழைப்பில்லாத சிற்றூர்க் கோபுரம் பொறிக்கு வீண்செலவாகவே தோன்றும். நள்ளிரவில் 108 ஊர்தியை அழைக்கும் ஒரு தாய்க்கோ அக்கோபுரமே உயிர்த்துணை. எதனை வெற்றி என்று கொள்வது என்பதைப் பொறி கூறாது; மனிதனே கூற வேண்டும்.

முடிவுரை

பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2023இல் ஆறாம் தலைமுறைக்கு வகுத்த ஆறு பயன்பாட்டுத் துறைகளுள், செயற்கை நுண்ணறிவும் தொலைத்தொடர்பும் இணைந்த துறையும் ஒன்று. எனவே இக்கல்வி இனித் தவிர்க்க இயலாதது. வலியும் காலமும் இடனும் அறியும் பணியைப் பொறியிடம் ஒப்படைக்கலாம்; அறத்தை ஒப்படைத்தல் ஆகாது. கணிப்பொறி பயிலும் மாணவர் தம் ஊரின் விழாக்களையும் புயல்களையும் நோன்புகளையும் அறிந்திருத்தல், அவர்தம் கல்வியின் ஒரு கூறேயாகும்.