முட்டி வலிக்கு மிஷின் வாங்கும் முன்

1. பிசியோதெரபி கிளினிக்கில் ஜெல் தடவி ஐந்து, பத்து நிமிடம் முட்டியில் தேய்ப்பார்களே, அந்த அல்ட்ராசவுண்ட் இப்போது முட்டியில் ஒட்டிக்கொள்ளும் கருவியாகவும் வந்திருக்கிறது. குறைந்த வீச்சில் நான்கு மணி நேரம் வரை ஓடும். சிலருக்கு வலி தணியும். தேய்ந்த குருத்தெலும்பு வளராது. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட மூட்டுத் தேய்மான வழிகாட்டுதல், ஆதாரம் போதவில்லை என்று அல்ட்ராசவுண்ட் சிகிச்சையே வேண்டாம் என்கிறது. கடன் பட்டு வாங்காதீர்கள்.

2. தர்மபுரிக்காரர்கள் முதலில் சந்தேகப்பட வேண்டியது போர் தண்ணீரை. நம் மண்ணில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரை வருடக்கணக்கில் குடித்தால் பல்லில் பழுப்புக் கறை விழும். இன்னும் கூடினால் எலும்பும் மூட்டும் இறுகும். முட்டியோடு கழுத்தும் இடுப்பும் விறைத்தால் டாக்டரிடம் தண்ணீரைப் பற்றியும் சொல்லுங்கள். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, நீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் ஏறும். 2013இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்காகவே வந்தது. அந்தத் தண்ணீரைக் குடிக்க மட்டும் வைத்துக்கொண்டு, களிக்கும் உலைக்கும் போர் தண்ணீரை ஊற்றாதீர்கள். அது துணி துவைக்கப் போதும்.

3. காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, ஐந்து எண்ணும்வரை கீழே அழுத்துங்கள். பத்து முறை, காலையும் மாலையும். தொடைச் சதை பலப்பட்டால் முட்டியின் பாரம் குறையும். எந்த மிஷினைவிடவும் நான் நம்புவது இதைத்தான்.

4. ஒரு கிலோ எடை குறைந்தால், ஒவ்வொரு அடியிலும் முட்டிக்கு நான்கு கிலோ சுமை குறைகிறது.

5. வலது முட்டி வலித்தால் தடி இடது கையில் இருக்கட்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது வலிக்கும் கால் முதலில்.

6. பேஸ்மேக்கர் உள்ளவர்கள், செயற்கை முட்டி வைத்தவர்கள், காலில் ரத்தக்கட்டு, புற்றுநோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அல்ட்ராசவுண்ட் கருவியைத் தொடவே கூடாது. சர்க்கரை நோயால் கால் மரத்திருந்தால் சூடு உறைக்காது, தோல் வெந்துவிடும்.

7. நடமாட முடியாத பெரியவர்களுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார். 2021 ஆகஸ்டில் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் இது தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள், பணம் கிடையாது.